சீத்தாவா, சிறுத்தையா?

பரீட்சையைவிட, அது முடிந்து வெளியே வந்ததும் நடக்கிற பரீட்சைதான் கொடூரமானது. 'நீ என்ன போட்ட?' என்று பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்பானே, அது.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு வந்தது 1984-ல். என் முறை வந்தபோது எழுதி முடித்த கையோடு நானும் நண்பனும் குறுக்குத்துறைக்குப் போனோம். தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டால்தான் மண்டைச் சூடு இறங்கும். முருகன் கோயில் பக்கம் படித்துறையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாகத் தோண்டி எடுத்தோம். அவன் இங்கிலீஷ் மீடியம். நான் தமிழ்.

"ஏல, அந்த செல் சவ்வு கேள்விக்கு என்னல போட்ட?"

"சவ்வூடு பரவல்."

"போச்சு போ! அது ஆஸ்மாசிஸ்லா?"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இரண்டு படி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த தாவரவியல் வாத்தியார் தலையைத் தூக்கினார். "ரெண்டும் ஒண்ணுதாம்ல. நீ தமிழ்ல சொல்லுத, அவன் இங்கிலீஷ்ல சொல்லுதான். இதுக்குப் போய் ஏன்ல சண்டை?"

அந்தத் தேர்வை நான் சிலாகிக்கவில்லை. கோச்சிங் போக வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கே அது தோது என்ற புகார் கடைசிவரை இருந்தது. 2006-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். மருத்துவத்துக்கு மட்டும் 2017-ல் 'நீட்' ரூபத்தில் திரும்பி வந்தது. நீட் வேண்டுமா, வேண்டாமா என்று ஊரே பேசியாயிற்று. நான் பேச வந்தது 2018-ம் வருஷத்துத் தமிழ் வினாத்தாளைப் பற்றி.

அந்த வருஷம் மே 6-ம் தேதி தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தப்பாகப் போட்டால் கையில் இருப்பதில் 1 போய்விடும். தமிழில் எழுதியவர்கள் 24,720 பேர். அவர்களுக்குக் கொடுத்த தாளில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் இருந்தன. அதில் 49 கேள்விகளின் தமிழ் தப்பு என்று வழக்கு வந்தது.

பிழைகளைப் பாருங்கள். 'ரகம்' என்று வரவேண்டிய இடத்தில் 'நகம்'. இதை அச்சுப் பிழை என்று மன்னித்துவிடலாம். 'சீட்டா' என்ற விலங்கை 'சீத்தா' ஆக்கியிருந்தார்கள். திருநெல்வேலிப் பிள்ளைக்குச் சீத்தா என்றால் பழம்! கொட்டையைத் துப்பித் துப்பித் தின்கிற பழம். அது எந்த விலங்கினத்தைச் சேர்ந்தது என்று யோசித்தால் ஒரு நிமிஷம் போகும். தேர்வில் ஒரு கேள்விக்குக் கிடைப்பதே ஒரு நிமிஷம்தான்.

'சிறுத்தை என்றல்லவா போட்டிருக்க வேண்டும்' என்று எல்லோரும் திருத்தினார்கள். அங்கேதான் எனக்கு இன்னொரு சந்தேகம். பாபநாசம், முண்டந்துறை மலையில் சிறுத்தை என்று சொல்வது 'லெப்பர்டை'. சீட்டாவுக்குச் சிவிங்கி என்று தமிழில் ஒரு பழைய பெயரே இருக்கிறது. ஆக, திருத்தியவர்களுக்கும் முழு மதிப்பெண் கிடையாது. மொழிபெயர்ப்பவருக்குத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, மிருகமும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட வயிற்றெரிச்சலான சமாச்சாரம் ஒன்று. தமிழில் குழப்பம் இருந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி என்பது தேர்வின் விதி. சரி, ஆங்கிலம் புரிகிற பிள்ளை தமிழ்த் தாள் ஏன் கேட்கப்போகிறது? ஆங்கிலம் புரியாததால்தானே கேட்டது? 'நான் தப்பாச் சொன்னா நீ அவன்கிட்ட கேட்டுக்கோ' என்று வழிகாட்டிப் பலகையே சொல்கிற மாதிரி இருக்கிறது.

நெல்லைப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் இன்னொரு கூத்தும் நடந்தது. பலருக்குத் தேர்வு மையம் எர்ணாகுளம். ரயிலில் 300 கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஹைகிரவுண்டில் 1965-லிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதில் சேர ஆசைப்பட்டால் கேரளத்துக்குப் போய்விட்டு வர வேண்டியிருந்தது. வெளிமாநிலம் போகிறவர்களுக்கு 1,000 ரூபாயும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்த 1,000-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வை நடத்திய சி.பி.எஸ்.இ. விடைக்குறிப்பை வெளியிட்டபோது, ஒரு விடையை ஆட்சேபிக்க வைத்த கட்டணமும் 1,000 ரூபாய்தான். ஆட்சேபம் ஜெயித்தால் பணம் திரும்ப வரும். முதலில் கட்ட வேண்டுமே. 49 கேள்விக்கு 49,000 ரூபாய். எந்த பீடித் தொழிலாளி வீட்டில் இருக்கும்?

விவகாரம் நீதிமன்றம் போனது. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 49-ஐ நாலால் பெருக்கித் தமிழில் எழுதிய எல்லோருக்கும் 196 மதிப்பெண் தரச் சொன்னது. ஊரே கைதட்டியது. எனக்கு அன்றைக்கே உறுத்தியது. 49-ஐயும் சரியாகப் போட்டவனுக்கும் 196. ஒன்றைக்கூடத் தொடாதவனுக்கும் 196. 530 எடுத்த பிள்ளை 720-ஐத் தாண்டி 726 வாங்கிவிடும்! பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. கணக்கு ஒத்துவராது என்பது நியாயம். ஆனால், அதற்குப் பதிலாகக் கிடைத்தது பூஜ்யம். கொடுத்தாலும் மொத்தமாக, எடுத்தாலும் மொத்தமாக. ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, 'இந்தத் தமிழைப் படித்தவன் இந்த விடையைப் போட்டிருக்க நியாயம் உண்டா?' என்று பார்த்து முடித்திருக்கலாம். 49 கேள்விதானே சார்?

முடியாத காரியமா என்றால், 2024-ல் முடிந்ததே. அந்த வருஷ நீட்டில் அணுக்களைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் பழைய பதிப்பைப் படித்தவர்கள் ஒன்றைப் போடுவார்கள், புதுசைப் படித்தவர்கள் இன்னொன்றைப் போடுவார்கள் என்பது காரணம். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநரிடம், மூன்று நிபுணர்களை உட்காரவைத்து மறுநாள் மதியத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றது. சொன்னார்கள். நாலாவது விடைதான் சரி. நாலு லட்சம் பேருக்கு மேல் மதிப்பெண் குறைந்தது. முதலிடத்தில் இருந்த 61 பேர் 17 ஆனார்கள்.

ஒரு கேள்விக்கு மூன்று நிபுணர்கள், ஒரே நாள். 2018-ல் தமிழும் உயிரியலும் தெரிந்த மூன்று பேர் நம் பக்கத்தில் கிடைக்காமலா போயிருப்பார்கள்? பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் போய் நின்று கூப்பிட்டிருந்தாலே முப்பது பேர் வந்திருப்பார்கள்.

எங்கள் வாத்தியார் அன்று படித்துறையில் மிச்சக் கேள்விகளுக்கும் உட்கார்ந்தார். துண்டைப் பிழிந்துகொண்டே, "அடுத்தது சொல்லு… அடுத்தது" என்று இருட்டுகிறவரை. எனக்கு ஆறு தப்பு, நண்பனுக்கு நாலு. எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. அவருக்குத்தான் ஊருக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது.