அழிநிலை மொழிகளும் ஊர்க்காப்பகங்களும்: அரசு நல்கை குறித்து ஒரு மதிப்பீடு

எட்டாம் அட்டவணையில் இடம்பெறாத மொழிகளுள் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசுவனவற்றை 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியே பெயரிட்டு வெளியிடுவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 121 மொழிகளைச் சுட்டி, எஞ்சியவற்றைப் 'பிற' என்னும் தலைப்பில் அடக்கியது. அதே 10,000 என்னும் எண்ணை வரம்பாகக் கொண்டு, அழிநிலை மொழிகளுக்கான திட்டம் ஒன்றை நடுவண் அரசு 2013இல் தொடங்கி, மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கணக்கெடுப்பு விடுத்தவற்றைத் திட்டம் ஏற்றுக்கொண்டது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் அத்திட்டத்தின் முதன்மைப் பயன்களாகக் கூறப்பெறுவன இலக்கணம், அகராதி, இனமொழியியல் விவரணம் ஆகியன. இவை மொழியியலாருக்கு இன்றியமையாதவை. பேசுநரின் ஊரிலேயே ஒலிப்பதிவுகளைப் பேணும் காப்பகம் இவற்றுள் ஒன்றாக எண்ணப்பெறவில்லை. ஆவணப்படுத்தல் அறிக்கையோடு முடிவது, காத்தல் முடிவற்றது. நல்கையோ முன்னதற்கே அளவெடுத்துத் தைக்கப்பட்டுள்ளது.

இதன் விளைவை அந்தமானில் காணலாம். பெரிய அந்தமானிய மொழியை அன்விதா அப்பி 2005இல் தொடங்கி விரிவாக ஆவணப்படுத்தினார். போ மொழியின் கடைசிப் பேசுநரான போவா சீனியரின் குரல் அவர் மறைந்த 2010க்குப் பின்னும் நிலைப்பது அப்பணியால்தான். அதற்கு நல்கை வழங்கியது இலண்டனிலிருந்து இயங்கிய ஆவணப்படுத்தல் திட்டம். பதிவுகள் சேர்ந்த காப்பகம் 2021இல் இலண்டனிலிருந்து பெர்லினுக்கு மாறியது. இத்தகைய காப்பகங்களின் விவரக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. ஸ்ட்ரெயிட் தீவில் வாழும் வழித்தோன்றல்களின் அன்றாட மொழியோ இந்தி. எனவே பாட்டியின் குரலுக்கும் பேரனுக்கும் இடையே நிற்பது கடல் மட்டுமன்று, பொருளடைவின் மொழியும்தான்.

சிற்றூர்களில் மின்வசதியும் பயிற்சியும் போதா. நடுவண் காப்பகமே பாதுகாப்பானது என்பர். பாதுகாப்பிற்கு ஒரு படி அங்கிருத்தல் தேவையே. ஆனால் அது ஊரில் மற்றொரு படி இருப்பதற்குத் தடையாகாது. வடோதராவில் 1996இல் கணேஷ் தேவி நிறுவிய பாஷா அமைப்பு, குசராத்தின் தேஜ்கட்டில் ஆதிவாசி அகாதமியையும் அருங்காட்சியகத்தையும் உருவாக்கிய வரலாறு, சேகரிப்பு பழங்குடியினரிடையே இயங்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

எனவே ஒவ்வோர் ஆவணப்படுத்தல் நல்கையிலும் மூன்று செலவினங்கள் கட்டாயமாக்கப்பெறல் வேண்டும். முதலாவது, ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ பதிவுகளின் முழுப் படி. இரண்டாவது, அதனைப் பேணும் உள்ளூர்க் காப்பாளருக்குத் தொடர் ஊதியம். மூன்றாவது, அம்மக்கள் வாசிக்கும் மொழியில் பொருளடைவு. இது மொழிபெயர்ப்பாளரின் பணி. எப்பதிவை எவர் கேட்கலாம் என்பதை அச்சமூகமே முடிவுசெய்தல் வேண்டும். கொடுத்தவர் கேட்க இயலாத குரலைப் பாதுகாக்கப்பட்ட குரல் என்று நாம் கூறுவது பொருந்தாது.