கேட்ட மறையும் படித்த மறையும்

"அது விவிலியத்தில் எங்கே எழுதியிருக்கிறது?" என்னும் கேள்வியை எதிர்கொள்ளாத கத்தோலிக்கக் குடும்பம் இன்று அரிது. அலுவலகத்தில் உடன் பணிபுரியும் சீர்திருத்தச் சபை அன்பர் கேட்கிறார். மணஉறவால் வந்த சம்பந்தி கேட்கிறார். சில வீடுகளில் பெற்ற பிள்ளையே கேட்கிறது. நம்மவர் பலர் அவ்வேளையில் மௌனம் காக்கின்றனர். அந்த மௌனத்தில் பணிவும் உண்டு, அறியாமையும் உண்டு. அதனால் விளைந்த கூச்சமே சிலரை வேறு செபக்கூட்டங்களுக்கு இட்டுச் செல்கிறது என்பதைப் பங்குகளில் பணிபுரிவோர் அறிவர். ஆகவே இது வெறும் வாதப்போர் அன்று. குடும்பங்களின் விசுவாச வாழ்வைத் தொடும் செய்தி.

தமிழ் மண்ணில் இக்கேள்விக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நூல்களின் வழியே பார்த்தால், இரு தரப்பாரும் ஒருவர்மீது ஒருவர் சுமத்தும் குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது விளங்கும்.

தமிழில் முதன்முதல் நூல் அச்சிட்டவர்கள் கத்தோலிக்கர்களே. அண்டிறீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது; 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. முன்னது மறைக்கல்வி நூல். பின்னது புனிதர் வரலாறு. ஆனால், தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில், லூத்தரன் சபையைச் சார்ந்த சீகன்பால்கு ஐயரின் உழைப்பால் உருவாயிற்று. இடையில் 137 ஆண்டுகள். அச்சுக்கலை நம் கையில் முதலில் வந்தது. அச்சிட்ட விவிலியமோ பிறர் கையிலிருந்து வந்தது. இவ்வுண்மையை மறைப்பதால் நமக்குப் பெருமை இல்லை.

இதற்குக் காரணம் விவிலியத்தின்மீது வெறுப்பு அன்று, அச்சமே. ஆளுக்கொரு பொருள் கொண்டு சபை சிதறிவிடும் என்ற அச்சம் அக்காலத் திருச்சபையை ஆட்கொண்டிருந்தது. திருமறைநூலை வாசிப்பது எல்லார்க்கும் உரியது என்ற கருத்து, பிரெஞ்சு நாட்டு கெனல் என்பாரின் நூலிலிருந்து தொகுக்கப்பட்ட 101 கூற்றுகளுள் ஒன்றாக 1713இல் திருத்தந்தை 11ஆம் கிளமெந்தினால் கண்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் மீனவரும் உழவரும் கையில் ஏந்தத்தக்க தமிழ்ப் புதிய ஏற்பாடு ஆயத்தமாயிற்று. தகுந்த விளக்கக் குறிப்புகளுடன் கூடிய தாய்மொழிப் பெயர்ப்புகளை உரோமை 1757இல் பொதுவாக அனுமதித்தது. எனினும் தமிழ்க் கத்தோலிக்கர் கையில் அச்சிட்ட புதிய ஏற்பாடு கிடைக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் வீரமாமுனிவரை நினையாமல் இருக்க முடியாது. தரங்கம்பாடியாருக்கு எதிராகக் கத்தோலிக்கக் கோட்பாடுகளை நிலைநாட்ட அவர் எழுதிய 'வேத விளக்கம்' 1728ஆம் ஆண்டினது. அவர்கள் வெளியிட்ட 'திருச்சபைப் பேதகம்' என்னும் நூலுக்கு மறுப்பாகப் 'பேதகமறுத்தல்' இயற்றினார். தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ் நடையை முனிவர் கடுமையாக எள்ளினார். அவ்வெள்ளலில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழின் நெளிவுசுளிவுகளை அறிந்த புலவர் செவிக்கு, சில ஆண்டுகளே தமிழ் கற்ற ஒருவரின் உரைநடை கரடுமுரடாகவே ஒலித்திருக்கும். ஆனால் ஒரு திறனாய்வாளனைப் பார்த்துக் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தமிழ் சரியில்லை என்றால், சரியான தமிழில் நீர் தந்தது எங்கே? முனிவர் தந்தது தேம்பாவணி. 3,615 பாடல்கள் கொண்ட அக்காப்பியம் தமிழுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது விவிலியம் ஆகாது. காப்பியத்தைச் சுவைக்கப் புலமை வேண்டும். நற்செய்தியைக் கேட்கப் பசி ஒன்றே போதும். தமிழ் உரைநடையை வளர்த்த அக்கை ஒரு நற்செய்தியையாவது எளிய உரைநடையில் தந்திருந்தால், நம் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

அப்படியானால் நம் முன்னோர் விவிலியம் அறியாதவர்களா? அன்று. அவர்கள் படித்து அறியவில்லை; கேட்டு அறிந்தார்கள். இலங்கையில் பணிபுரிந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கக் கேட்டு அழுத தாய்மார்கள், ஆண்டவருடைய பாடுகளை அதிகார எண் இன்றியே அறிந்திருந்தனர். பாஸ்கு நாடகமும் ஒப்பாரியும் கும்மியும் செபமாலையின் மறையுண்மைகளும் அவர்களுக்கு விவிலியமாக விளங்கின. மேற்கு மாம்பலத்தில் வாழும் நமக்கு இது விளங்காத ஒன்று அன்று. ஆரிய கவுடா சாலையின் அயோத்தியா மண்டபத்தில் இராமாயண உபன்யாசம் கேட்க அமர்ந்திருப்பவர்களை, வான்மீகியின் சுலோகங்களை எல்லாம் படித்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை. அவர்களுக்கு இராமகாதை தெரியும், கேட்டுத் தெரியும்.

எனினும் கேள்விக்கு ஓர் எல்லை உண்டு. கேட்பவர் படிக்காமல் இருக்கலாம்; சொல்பவர் படித்திருந்தே ஆகவேண்டும். சொல்பவரும் படிக்காத நாளில் கேள்வி வெறும் வழக்கமாகிவிடும். மறைநூலின் இடத்தில் கட்டுக்கதை வந்து அமர்ந்துகொள்ளும். சீர்திருத்தச் சபையாரின் எச்சரிக்கை இங்கே முற்றிலும் சரியானது.

படிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரைப்போல் சொல்சொல்லாக அதை ஆய்ந்தவர் அந்நாளில் மிகச் சிலரே. அவரோ சைவராகவே நிலைத்து, 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதியபோது அவ்விவிலிய அறிவையே மிஷனரிகளுக்கு எதிரான கருவியாக்கினார். அவருடைய நேர்மையைக் குறைகூற நமக்கு இடமில்லை. நாம் உணர வேண்டியது வேறு. எழுத்தைத் துருவிக் கற்பது ஒன்று. அதனை நம்பி ஏற்று வாழும் சமூகத்தில் நின்று கற்பது மற்றொன்று. மறைநூல் போதும், மரபு வேண்டா என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். எந்த நூல்கள் மறைநூல் என்னும் பட்டியலையே ஹிப்போவிலும் (393) கார்த்தேஜிலும் (397) கூடிய சங்கங்கள் வழியாகத் திருச்சபை அல்லவா உறுதிசெய்தது?

இவ்விரு வழிகளும் ஒன்றுகூடும் வாய்ப்பு நம் காலத்தில்தான் வந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மறைநூலை அணுகும் வழி நம்பிக்கையாளர் அனைவர்க்கும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்று பணித்தது. பிரிந்த சகோதரரோடு கூடி மொழிபெயர்க்கவும் இசைவு தந்தது. அதன் தமிழ்க் கனியே 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. நமக்கு 73, அவர்களுக்கு 66 என்று நூல்களின் எண்ணிக்கையில் இருந்த பிணக்கைக்கூட, 'இணைத் திருமுறை' என்னும் தனிப் பகுதி அமைத்து அது பண்போடு தீர்த்தது.

அம்மொழிபெயர்ப்பை இன்று எடைபோட்டால் தெளிவு அதன் முதற்சிறப்பு. சர்வேசுரன் என்று நாமும் தேவன் என்று அவர்களும் அழைத்தவரை, கடவுள் என்று தமிழர் யாவரும் அறிந்த சொல்லால் அழைத்தது. ஆனால் அத்தெளிவுக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார். நம் ஊர்களில் இராயப்பன் என்று பெயர் தாங்கிய முதியவர் விவிலியத்தைத் திறந்தால், தம் பெயரை அங்கே காண்பதில்லை. சீர்திருத்தச் சபையார் தரப்பிலும் இழப்பு உண்டு. பவர் ஐயர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை அவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தவர்கள். கர்த்தர் ஆண்டவராகவும், மேய்ப்பர் ஆயராகவும் மாறியபோது அவர்கள் செவி ஏற்க மறுத்தது. அவர்களுள் மிகப் பலர் பழைய பதிப்பையே இன்றும் கைக்கொள்கின்றனர். ஆக, இருவருக்கும் பொதுவாக உருவான நூல் நடைமுறையில் நம்முடையதாக மட்டும் எஞ்சியுள்ளது. அதனை நாமேனும் நெஞ்சில் ஏற்றினோமா என்பதே உண்மையான கேள்வி.

அவர்களிடம் மனத்தில் பதிந்த விவிலியம் உண்டு. அதன் தமிழ் இளையோருக்கு அயலாகி வருகிறது. நம்மிடம் தெளிந்த தமிழில் விவிலியம் உண்டு. அது மனத்தில் பதியவில்லை. 1969இல் வகுக்கப்பட்ட மூன்றாண்டு வாசக ஒழுங்கின்படி ஞாயிறுதோறும் திருப்பலியில் மூன்று வாசகங்களும் ஒரு திருப்பாடலும் நம் செவியில் விழுகின்றன. கோவில் வாயிலைக் கடக்குமுன் அவற்றுள் எத்தனை நினைவில் நிற்கின்றன?

தமிழில் இதற்கு வழிகாட்டும் சொல் ஒன்று உண்டு: ஓதுதல். அது கண்ணால் மட்டும் படிப்பது அன்று. காதால் மட்டும் கேட்பதும் அன்று. வாய்விட்டு வாசித்து, தன் குரலைத் தானே கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் இருத்துவது. கத்தோலிக்கரின் கேள்வியும் சீர்திருத்தச் சபையாரின் படிப்பும் அச்சொல்லில் சந்திக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இறைவார்த்தை ஞாயிறு என ஒரு நாளை ஏற்படுத்தினார். ஆண்டில் ஒருநாள் பவனியோடு அது முடிந்துவிடலாகாது. வரும் ஞாயிறுக்குரிய நற்செய்தியை, சனிக்கிழமை இரவு செபமாலைக்குப் பின், வீட்டில் ஒருவர் உரக்க ஓத மற்றவர் கேட்கட்டும். ஐந்து நிமிடம் போதும். மூன்று ஆண்டுகளில் நற்செய்திகளின் பெரும்பகுதி அவ்வீட்டின் சொந்தமாகிவிடும்.

அதன்பின், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கும் அன்பருக்கு நம்மவர் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை, வாதாடவும் வேண்டியதில்லை. நூலைத் திறந்து, "வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்" என்று அழைக்கலாம்.