குனிங்கஸ்: வேற்றுமை அட்டவணையின் போலி உறுதி

'அரசன்' என்ற பொருளில் மூல ஜெர்மானிய மொழிக்கு மீட்டுருவாக்கப்பட்ட 'குனிங்கஸ்' ஓர் அகர ஈற்று ஆண்பாற்பெயர். குலத்தைக் குறிக்கும் 'குன்ய' என்ற சொல்லோடு, வழித்தோன்றலைச் சுட்டும் 'இங்க' விகுதி சேர்ந்து பிறந்தது என்பது பரவலான கொள்கை. எழுவாய் வடிவத்துக்கு நல்ல சான்று உண்டு. ஃபின்னிய மொழி கடன்பெற்ற 'குனிங்கஸ்' இன்றும் ஈறு தேயாமல் வழங்குகிறது. டென்மார்க்கின் கல்லெஹூஸ் பொற்கொம்பில், ஏறத்தாழ கி.பி. 400இல் ரூன் எழுத்தில் பொறிக்கப்பட்ட 'ஹோல்தியஸ்' என்பதிலும் அதே ஈறு உள்ளது. இந்த அளவில் மீட்டுருவாக்க முறையின் வெற்றி மறுக்கமுடியாதது.

ஆனால் இச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை, இரண்டு எண் எனப் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பி அட்டவணை தரும் வழக்கம் பெருகிவிட்டது. ஒவ்வொரு வடிவத்தின் முன்னும் உடுக்குறி இருப்பதே போதிய எச்சரிக்கை என்கின்றனர் ஆதரவாளர். இவ்வாதம் நிற்காது. உடுக்குறி, 'எழுத்துச் சான்று இல்லை' என்று மட்டுமே சொல்லும். எந்த வடிவம் உறுதியானது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டாது.

நான்காம் வேற்றுமைப் பன்மைக்கு 'குனிங்கமஸ்' என்றும் மூன்றாம் வேற்றுமைப் பன்மைக்கு 'குனிங்கமிஸ்' என்றும் அட்டவணை தருகிறது. எந்த ஜெர்மானிய மொழியும் பன்மையில் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. கோத்தியத்தில் 'அம்', பழைய ஆங்கிலத்தில் 'உம்' என ஒரே விகுதி இரு பொருளுக்கும் வருகிறது. மகரத்துக்குப் பின் நின்ற உயிர், சான்றுள்ள மொழிகளில் மறைந்துவிட்டது. அதை 'அ' என்றும் 'இ' என்றும் பிரிப்பதற்கான ஆதாரம், குடும்பத்துக்கு வெளியே லித்துவேனியம், சமஸ்கிருதம் போன்றவற்றிலிருந்து வருகிறது. அந்த ஆதாரமும் நேரானதன்று: செவ்வியல் சமஸ்கிருதத்தில் அகர ஈற்றுப் பெயர்களின் மூன்றாம் வேற்றுமைப் பன்மை 'தேவைஃ' போல அமைகிறது, 'பிஸ்' விகுதி பிற ஈறுகளுக்கே உரியது. அப்படியிருக்க, 'குனிங்கமிஸ்' என்ற வடிவத்தை 'குனிங்கஸ்' என்பதற்குச் சமமாக அச்சிடுவது மாணவரைத் தவறாக வழிநடத்துவதாகும்.

கோத்தியத்தின் மௌனத்தையும் அட்டவணை மறைக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பில் அரசனுக்கு வரும் சொல் 'தியுதன்ஸ்'. கிழக்கு ஜெர்மானியத்தில் கிட்டாத சொல்லுக்கு, அங்குள்ள பிற பெயர்களின் ஈறுகளைச் சான்றாகக் கொண்டு கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. பெயர் வகுப்புக்குரிய ஊகம், சொல்லின் வரலாறாக உருமாறுகிறது.

கூஸ் க்ரோனனின் 2013ஆம் ஆண்டு மூல ஜெர்மானியச் சொற்பிறப்பகராதி பெயர்களைப் பகுதி வடிவில் தருகிறது. சான்றுள்ள மொழிகளின் வடிவங்கள் அதைத் தொடர்கின்றன. அதுவே நேர்மையான முறை. அட்டவணை வேண்டுமெனில், மூன்றாம் வேற்றுமைப் பன்மைக் கட்டம் வெறுமையாகவே விடப்பட வேண்டும்.