முள்மரத்துக் கை

தேவாங்கைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதன் கண்ணில் போய் நின்றுவிடுகிறார்கள். நான் கையிலிருந்து தொடங்குகிறேன். அந்த உடலின் நுட்பம் முழுவதும் அந்தக் கைக்குள் அடங்கியிருக்கிறது.

விரித்தால் நம் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத உள்ளங்கை. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு நேர் எதிராகத் திரும்பி நிற்கும். ஆள்காட்டி விரல் மட்டும் குறுகி, பாதியில் வளர்ச்சி நின்றதுபோல இருக்கும். முதலில் பார்க்கிறவர்களுக்கு அது ஊனமாகத் தோன்றும். கிளையைப் பிடிக்கும்போதுதான் அதன் பொருத்தம் தெரியும். கட்டைவிரலுக்கும் மற்ற மூன்று நீண்ட விரல்களுக்கும் நடுவே அந்தக் குட்டை விரல் குறுக்கே வராமல் ஒதுங்கிக்கொள்வதால், பிடி அகலமாகத் திறக்கிறது. மூடினால் கிளையைச் சுற்றி வளைத்துப் பூட்டிக்கொள்கிறது. விரல்நுனிகள் தட்டையாகப் பரந்திருக்கும். நகங்கள் நம்முடையவை போலவே தட்டை. பாதத்தின் இரண்டாவது விரலில் மட்டும் ஒரு கூர்நகம் உண்டு. காதைக் குடையவும் கழுத்து மயிரைக் கோதவும் அந்த ஒன்று. மற்ற எல்லா நகத்தையும் தட்டையாக்கிவிட்டு, சிக்கெடுக்க ஒரே ஒரு நகத்தை மட்டும் கூராக விட்டுவைத்த கணக்கை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

தேவாங்கின் பிடியில் இன்னொரு சூட்சுமம் தோலுக்கு உள்ளே இருக்கிறது. கைக்கும் காலுக்கும் போகிற ரத்தக்குழாய் ஒரே குழாயாகப் போகாமல், பல மெல்லிய இழைகளாகப் பிரிந்து ஒன்றையொன்று தழுவிக்கொண்டு செல்கிறது. தசை எவ்வளவு நேரம் இறுகி நின்றாலும் ரத்த ஓட்டம் தடைபடாதிருக்க இது உதவுகிறது என்று உடற்கூறு அறிந்தவர்கள் கருதுகிறார்கள். நாம் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் கால் மணி நேரத்தில் கை மரத்துப்போகிறது. தேவாங்கோ ஒரு கிளையைப் பிடித்தபடியே பகல் முழுவதும் தூங்குகிறது.

இந்தக் கை எங்கே வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி சாலையில் போனால் வடமதுரை, அதைத் தாண்டி அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கும் தக்காளிச் சந்தைக்கும் பேர்போன ஊர். சாலையின் இருபுறமும் வெளுத்த செம்மண், கற்பாறைக் கரடுகள், உடைமரம், வெள்வேல், உசிலை, சதுரக்கள்ளி. பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ‘பொட்டக்காடு’ என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிற நிலம். மலையேறிக் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இந்தச் சமவெளியை வெறும் வழியாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த முள்ளுக்குள்தான், உலகில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இல்லாத ஓர் இனம் நடமாடுகிறது.

உடைமரத்தின் கிளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளை முள் ஜோடி ஜோடியாக, ஒரு விரற்கடைக்கு ஒன்றாக நிற்கும். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறவர்களின் புறங்கையில் அதன் கீறல் எப்போதும் இருக்கும். தேவாங்கு அதே கிளையில், இருட்டில், ஒரு கீறலும் இல்லாமல் நடக்கிறது. கை நீளும், தொடும், நிற்கும், இரண்டு முள்ளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தை விரல் தேடிக் கண்டுகொண்ட பிறகே எடை அங்கே மாறும். அதற்குத் தாவத் தெரியாது. எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பிடியாவது கிளையை விடாமல் இருக்கும். இடைவெளி வந்தால் பின்னங்கால் இரண்டையும் பூட்டிக்கொண்டு உடம்பை வெட்டவெளியில் நீட்டும். முன்கையும் பின்காலும் ஏறக்குறைய ஒரே நீளம், வால் என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லை, உடம்பும் மெலிந்தது. நீட்டினால் ஒரு குச்சி அடுத்த குச்சியைத் தொடுகிறமாதிரிதான். எதிர்க்கிளை அகப்பட்டதும் பின்னங்கால் மெல்ல விடுபடும். கிளை ஆடாது, இலை சலசலக்காது.

ஒருமுறை அய்யலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இதைப் பார்க்க வாய்த்தது. தோட்டக்காரர் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றியிருந்தார். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணை உறுத்தும். சிவப்பு அவ்வளவாக உறுத்தாது. வேலியில் இரண்டு நெருப்புப்பொறி ஒட்டி ஒட்டித் தெரிந்தன. “அசையாம நில்லுங்கண்ணே. அது நம்மளப் பாத்து ரொம்ப நேரமாச்சு” என்றார் மெதுவாக. நாங்கள் அசையவில்லை; அதுவும் அசையவில்லை. பிறகு எங்களால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டியது போலத் தலையைத் திருப்பி ஒரு வண்டை எடுத்தது. எடுத்தது என்றுதான் சொல்ல முடியும். கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவ்வளவு நேரம் அத்தனை நிதானமாக இருந்த உடம்பு அந்த ஒரு அசைவுக்கு மட்டும் தன் வேகத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தது. மெதுவாக நடப்பது அதற்கு இயலாமை அல்ல. வேண்டும்போது கிளைமேல் விறுவிறுவென்று ஓடவும் அதனால் முடியும்.

அதன் சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான்: எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி. மற்ற பிராணிகள் நாற்றத்துக்கும் கடிக்கும் பயந்து ஒதுக்குகிற பூச்சிகளையும் அது தின்னும். தின்னும்போது கண்ணை மூடிக்கொள்ளும், காதை மடக்கிக்கொள்ளும், தலையை உதறும், தும்மும், ஆனாலும் விடாது. இன்னொரு வழக்கமும் அதற்கு உண்டு. தன் மூத்திரத்தைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும். பிடி வழுக்காமல் இருக்க என்கிறார்கள் சிலர். கடிக்கிற பூச்சியின் எரிச்சல் தீர என்கிறார்கள் சிலர். தன் வாசனையைக் கிளையில் எழுதிவைக்க என்றும் சொல்கிறார்கள். மூன்றுமே அதற்குத் தேவையான காரியம்தான்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். முகத்தின் பெரும்பகுதியை இரண்டு கண்களே எடுத்துக்கொள்கின்றன. தேன்பழுப்பு நிறம். இரண்டும் பக்கவாட்டில் விலகாமல் முன்னோக்கி, மூக்கை நெருக்கிக்கொண்டு நிற்பதால் தூரத்தை அளக்க முடிகிறது. தாவாத பிராணிக்குக் கை எட்டுமா எட்டாதா என்ற கணக்கு உயிர்க்கணக்கு. கண்ணின் பின்சுவரில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சம் ஒருமுறை தவறினாலும் திரும்பும் வழியில் மறுபடி அகப்படும். நட்சத்திர வெளிச்சத்தில் முள்ளை எண்ணும் திறம் இப்படி வந்ததுதான். டார்ச்சுக்கு நெருப்புப்பொறியாகத் தெரிவதும் அந்தப் படலமே. கண்ணைச் சுற்றி மைதீட்டிய வட்டம். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைக் கோடு. காது மெல்லிய தாள் போல, ஏறக்குறைய மயிரில்லாமல், கொஞ்சம் மஞ்சள் ஓடி இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பக்கத்தில் வாழும் தேவாங்கு இதைவிடச் சிறியது, சிவப்பு ஓடியது. நம் சமவெளித் தேவாங்கு சாம்பல் நிறம், உருவத்திலும் சற்றுப் பெரியது. பெரியது என்றாலும் எடை கால் கிலோவைச் சுற்றித்தான். மழையும் இலையும் நிறைந்த இடத்தில் இருப்பது சிறுத்து, காய்ந்த முள்காட்டில் இருப்பது வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த மண்ணை ‘ஒன்றுமில்லாத மண்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1908-ல் ஸ்பெயின் நாட்டு விலங்கியலாளர் கப்ரேரா இந்தச் சாம்பல் தேவாங்குக்கு அறிவியல் பெயர் வைத்தார்.

ஆனால் அது வாழும் விதத்தை உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அய்யலூரில்தான். 1997, 98 வாக்கில் ஆன்னா நெகாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் இங்கே இரவு இரவாகத் தேவாங்குகளின் பின்னால் நடந்தார். சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் திண்டுக்கல் பக்கத்திலேயே அவற்றின் பழக்கங்களையும் குட்டி வளர்ப்பையும் ஆராய்ந்து எழுதினார்கள். அதுவரை தேவாங்கு தனியன், யாரோடும் சேராதது என்பதே ஏடுகளில் இருந்த கருத்து. இங்கே பார்த்தது வேறு. பகலில் இரண்டு மூன்று தேவாங்குகள் ஒரே முள்புதருக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பந்தாகச் சுருண்டு தூங்கும். எது யாருடைய கை, எது யாருடைய கால் என்று பிரித்தறிய முடியாது. பொழுது சாய்ந்ததும் ஒன்றை ஒன்று கோதிவிடும். கோதுவதற்குக் கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்பாக அமைந்திருக்கின்றன. சீப்பில் சிக்கிய மயிரை எடுக்க நாக்குக்கு அடியில் இன்னொரு சிறு நாக்கு. பிறகு அவரவர் வழியே பிரிந்து போகும். இருட்டில் நீண்ட ஒற்றை விசில் எழும். இன்னொரு மரத்திலிருந்து பதில் விசில் வரும். அய்யலூர் ஆட்டுக்காரர்கள் அதைக் கேட்டே எந்தத் தோப்பில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆட்டுக்காரர்களிடம் ஒரு கணக்கைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். முப்பது கிலோ வெள்ளாடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி போடுகிறது. கால் கிலோ தேவாங்கு அதைவிடக் கூடுதலாக, ஐந்தரை மாதம் சுமக்கிறது. அதே எடையுள்ள எலி மூன்று வாரத்தில் பிரசவித்துவிடும். பிறப்பதும் ஒன்று, அல்லது இரட்டை. குட்டி முதல் சில வாரம் தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டே கிடக்கும். அப்புறம் தாய் இரை தேடப் புறப்படும்போது அதை ஒரு கிளையில் இருத்திவிட்டுப் போகும். குட்டி அந்த இடத்தைச் சுற்றியே, தாய் காட்டாமலே, விரலால் முள்ளை ஒதுக்கப் பழகும். அந்தப் பக்கம் வருகிற ஆண் தேவாங்கு குட்டியோடு சற்று விளையாடிவிட்டுப் போவதையும் இங்கே கண்டிருக்கிறார்கள். இவ்வளவு நீண்ட பொறுமையில் வருகிற ஓர் உயிரைப் பிடித்துப் போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்பதை இந்த ஐந்தரை மாதமே சொல்லும்.

பிடித்துக்கொண்டும் போனார்கள். கண்நோய்க்கு மருந்து என்றும், வசியத்துக்கு ஆகும் என்றும் சொல்லி அந்தக் கண்களுக்காகவே கொன்றார்கள். ஜோசியம் சொல்கிறவர்கள் தோளில் வைத்துக்கொண்டு பகல் வெயிலில் தெருத்தெருவாகக் காட்டினார்கள். நட்சத்திர வெளிச்சத்துக்கு அமைந்த கண்ணை நண்பகலில் திறந்துவைத்துக் காசு கேட்பதைவிடக் கொடுமை எனக்கு நினைவுக்கு வரவில்லை. 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடத்தில் தேவாங்கு இருக்கிறது.

2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர் மாவட்டத்தில் கடவூர், திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களில் 11,806 ஹெக்டேர். இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். புலியோ யானையோ இல்லாத, அருவியோ பனிமூட்டமோ இல்லாத ஒரு வறண்ட கரட்டுக்காடு, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிரின் பெயரால் காக்கப்படுகிறது என்ற செய்தியைப் படித்த நாள் எனக்கு விசேஷ நாள்.

சரணாலயத்தின் எல்லைக்கு உள்ளேயே தேவாங்கு நின்றுவிடுவதில்லை. அது கரட்டிலிருந்து இறங்கி வேலி வழியே தோட்டத்துக்கு வரும், தோட்டத்திலிருந்து புளியமரத்துக்குப் போகும். அதற்கு வழி என்பது ஒரு கிளை அடுத்த கிளையைத் தொடுவது. தரையில் இறங்கினாலும் நடக்கும். ஆனால் அந்தக் கை தரைக்கு ஆனதல்ல, நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அங்கே தப்ப முடியாது. அதனால் இந்தப் பக்கத்து உயிர்வேலியை நான் தனியாக மதிக்கிறேன். கிளுவையும் கள்ளியும் கலந்து, கோவைக்கொடியும் பிரண்டையும் பின்னி, மார்பளவு உயர்ந்து நிற்கிற பழைய வேலி. அதன் மேல்தளத்தில் தேவாங்கு நடக்கும். அடியில் சருகைக் கிளறிக்கொண்டு முள்ளெலி வரும். அதுவும் தென்னாட்டுக்கே உரிய பிராணிதான், தொட்டால் சுருண்டுகொள்ளும். வேலியோரப் புல்லில் காட்டுமுயல், பொந்தில் கீரி. பூச்சியும் நிழலும் ஈரமும் ஒரு முழ அகலத்துக்குள் கிடைக்கின்றன.

இப்போது பல தோட்டங்களில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார்கள். ஒரு நாளில் முடிகிற வேலை, பராமரிப்பும் குறைவு. விவசாயியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிளுவைக்கு நாற்றங்கால் வேண்டாம், விலைக்கு வாங்கவும் வேண்டாம். மழைக்கு முன் கட்டைவிரல் கனத்தில் போத்து வெட்டி ஒரு சாண் ஆழத்தில் ஊன்றிவைத்தால் தானே வேர்விடும். கம்பிவேலிக்கு உள்பக்கம் ஒரு வரிசை ஊன்றினாலும் போதும். அது தழைத்துப் பக்கத்து வேலியின் கிளையைத் தொடும் இடத்தில், கரட்டிலிருந்து இறங்கிவரும் தேவாங்குக்குக் கை எட்டும்.