தேய்மானம் இல்லாத சரக்கு

பி.காம். படித்தவனுக்கு உலகமே இரண்டு பத்திதான். பற்று, வரவு. நடுவில் தேய்மானம் என்று ஒரு பிசாசு. தொழிலுக்கு கம்ப்யூட்டர் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். 2017 வரை இது 60 சதவீதமாக இருந்தது. ஆக, மெஷின் சீக்கிரம் கிழடு தட்டிவிடும் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. சரி, அந்த மெஷினில் ஓடிய கேமுக்கு எத்தனை சதவீதம்? எந்த ஆடிட்டரும் கேட்காத கேள்வி. நாம் கேட்போம்.

2000-களின் நடுவில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கியவரா நீங்கள்? 'ஆன்போர்டு' என்ற வார்த்தை ஞாபகமிருக்கும். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாதவர்களுக்கு மதர்போர்டோடு ஒட்டி வந்த இலவச இணைப்பு. 2005-ல் வந்த இன்டெல்லின் ஜி.எம்.ஏ. 950 இந்த ரகம். அதற்குச் சொந்தமாக மெமரி கிடையாது. ராமிலிருந்து கைமாற்று வாங்கும். முப்பரிமாண உருவத்தின் ஒவ்வொரு முனையும் திரையில் எங்கே வரவேண்டும் என்று கணக்குப் போடும் பகுதியும் அதில் இல்லை. அந்த வேலையை அப்படியே ப்ராஸஸர் தலையில் கட்டிவிடும். அந்தக் காலத்துக் கேம்கள் பல, இந்த வசதி இருக்கிறதா என்று வாசலிலேயே விசாரிக்கும். இல்லையா? போய் வா தம்பி. அதற்காகவே 'த்ரீடி அனலைஸ்' என்று ஒரு குட்டி சாஃப்ட்வேர் புழங்கியது. இல்லாத வசதியை இருப்பதாகப் பொய் சொல்லிக் கேமை உள்ளே அழைத்து வரும். படம் நொண்டியடிக்கும். ஆனாலும் ஓடும்.

இன்று கதையே வேறு. 2011-ல் இன்டெல், கிராஃபிக்ஸை ப்ராஸஸர் சில்லுக்குள்ளேயே குடிவைத்தது. இப்போது விற்கிற சாதாரண ஆபீஸ் லேப்டாப்புக்கு ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி ஒரு பொருட்டே இல்லை. 2003-ல் அது கேட்டதெல்லாம் 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராஸஸர், 128 எம்.பி. ராம், 32 எம்.பி. கார்டு. அவ்ளோதான்.

எல்லாமே ஓடும் என்று ஆனபிறகுதான் ஒரு கேமின் நிஜமான மதிப்பு தெரிகிறது. படத்தைப் பார்த்து வாய் பிளந்த காலம் போச்சு. மிச்சம் என்ன?

2007-ல் க்ரைஸிஸ் வந்தபோது, 'உன் மெஷின்ல ஓடுமா?' என்பதுதான் பேச்சு. நாளைக்கு வரப்போகும் மெஷினுக்காக இன்றே தைத்த சட்டை அது. மோசமான கேம் என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதி, படத்தைப் பற்றியது. படம் தேயும். 2004-ல் வந்த ஹாஃப் லைஃப் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே பழசாகியிருந்த டைரக்ட்எக்ஸ் 7 கார்டிலும் ஓடும்படி செய்திருந்தார்கள். தண்ணீரில் பிம்பம் தெரியாது, பளபளப்பு போய்விடும். ஆனால் ஏற்றப் பலகையின் ஒரு முனையில் கற்களை அடுக்கி, மறு முனையில் ஏறி மேலே போகிறீர்களே, அந்த ஐடியா எந்தக் கார்டிலும் அதேதான். அதற்குத் தேய்மானம் பூஜ்யம். ஏழை மெஷினிலும் எது மிஞ்சுகிறதோ அதுதான் சரக்கு.

சிக்கல் எங்கே என்றால், இத்தனை வலுவான சில் இருந்தும் உங்கள் பழைய சிடி பல சமயம் ஓடாது. ஆன்போர்டைத் திட்டாதீர்கள், பாவம். 2000-களில் ஏராளமான சிடிக்களில் 'சேஃப்டிஸ்க்' என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்டார்கள். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் அந்தப் பூட்டுக்கு இடம் தர மறுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம் நியாயம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் வெளியே நிற்கிறான். திருட்டு சிடிக்காரன், பூட்டை என்றைக்கோ உடைத்துவிட்டு ஹாயாக விளையாடிக்கொண்டிருக்கிறான்!

இன்னொரு கூத்து 2021-ல் நடந்தது. வைஸ் சிட்டி உள்பட மூன்று பழைய ஜி.டி.ஏ.க்களுக்குப் புது வர்ணம் அடித்து ராக்ஸ்டார் வெளியிட்டது. அதற்கு முன்பே ஒரிஜினல்களைக் கடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். புதுசில் மழை பெய்தால் எதிரே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. ரசிகர்கள் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, பி.சி. ஒரிஜினல்களைத் திரும்ப வைத்தார்கள். நல்ல சரக்கைக் கிடங்கில் பூட்டிவிட்டு, பாலிஷ் போட்டதை மட்டும் விற்கும் வியாபாரத்துக்கு எந்தக் கணக்கில் இடமிருக்கிறது, சொல்லுங்கள்?

வழியே இல்லாமல் இல்லை. போலந்துக்காரர்கள் 2008-ல் ஆரம்பித்த 'ஜி.ஓ.ஜி.' கடையில், பழைய கேம்களைப் பூட்டு இல்லாமல், இன்றைய விண்டோஸுக்கு ஏற்ற மாதிரி சரிசெய்து விற்கிறார்கள். டாஸ் காலத்துக் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, இலவசம். பழைய டைரக்ட்எக்ஸ் பேசும் கேமுக்கும் புதுக் கிராஃபிக்ஸுக்கும் இடையே 'டிஜி வூடூ' துபாஷி வேலை பார்க்கும். இவற்றில் பல, சம்பளம் எதிர்பாராத ஆர்வலர்கள் உட்கார்ந்து செய்தவை. விற்றுக் காசு பார்த்த கம்பெனிகள் செய்திருக்கவேண்டிய வேலை.

புத்தகம் பழசானால் நூலகத்தில் இருக்கிறது. சினிமா பழசானால் டிவியில் வருகிறது. கேம் மட்டும் ஏன் விற்றவனின் தயவில் கிடக்கவேண்டும்? அடுத்த முறை, 'இது உங்க லேப்டாப்ல ஓடாது சார்' என்று யாராவது சொன்னால், தடுப்பது கார்டா, பூட்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.