சத்தம் பின்னால், இழுவை முன்னால்

நெடுஞ்சாலையில் ஏழாவது கியரில் போகும்போது ஆர்.பி.எம். ஊசி 2,300-ஐத் தொடுகிற இடத்தில்தான் அது ஆரம்பிக்கும். பாட்டைக் கூட்டி வைத்தாலும் மறையாது. கண்ணாடியை இறக்கினால் கொஞ்சம் குறையும், ஏற்றினால் மறுபடி வந்து காதை அடைக்கும். பக்கத்து அறையில் மாவு கிரைண்டர் ஓடுவதுபோல விடாமல் ஒரு ‘ம்ம்ம்’. 2,100-ல் கிடையாது, 2,600-ல் கிடையாது. ஆனால் கோவையிலிருந்து சேலம் போகிற சாலையில் இந்த வண்டிக்குப் பிடித்த வேகம் எதுவோ, சரியாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. சங்ககிரி வருவதற்குள் பின் சீட்டில் இருப்பவர்கள் தலைவலி மாத்திரை கேட்பார்கள்.

வண்டி, ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. 180 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டி.எஸ்.ஜி. எல்லாம் தெரிந்த கதை. 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது இந்தியாவில் இந்த எஞ்சினுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆக்டேவியா 2 லிட்டரோடு வந்தது. நல்ல எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் 1.8 கட்சி. அதனால்தான் தேடிப் பிடித்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதை ரீமேப் செய்திருந்தார், அதாவது எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யூ.வின் கணக்கை மாற்றியிருந்தார். அதோடு விடாமல், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருந்த அத்தனையையும் கழற்றிவிட்டு ‘ஃப்ரீ ஃப்ளோ’ செட் ஒன்றையும் மாட்டியிருந்தார். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பம்பருக்குக் கீழே நான்கு அங்குல வாய் வைத்த டிப் இரண்டு பளபளத்தன. உள்ளே கைவிட்டுத் தடவினால் குழாய் இரண்டு அங்குலம்கூடத் தேறவில்லை. வெளியே பீரங்கி காட்டி உள்ளே பென்சில் வைக்கிற இந்த வேலை எனக்கு ஆகவே ஆகாது. எந்த வண்டியில் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. பெரிய வாய்க்குத் தனியாக விலை வேறு போடுகிறார்கள்.

அந்த செட்டுக்குப் பதிலாகக் கோவைப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த செட்டோடு சில வாரங்களாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 63 மி.மீ. குழாய், நடுவில் ஒரு சைலன்சர், பின்னால் பெரிய சைலன்சர் ஒன்று, ஆர்கான் வெல்டிங். எண்பதுகளில் ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவர்தனின் ஊர் இது. குழாயை வளைக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

பட்டறை அண்ணன் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: “ஏனுங்க தம்பி, சத்தம் வேணுங்களா, இழுவை வேணுங்களா?”

இழுவை குறையக் கூடாது, சத்தம் கூடாது என்றேன்.

“அப்பப் பிரச்சினையே இல்லீங்க. இழுவை முன்னாடி இருக்குது, சத்தம் பின்னாடி இருக்குது. பின்னாடிதானுங்களே கை வைக்கப் போறோம்.”

டர்போ வண்டியின் எக்ஸாஸ்ட் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. டர்பைன் சக்கரத்தைச் சுற்றுவது புகையின் வேகம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் டர்போ எழும். ஆகவே டர்போவை ஒட்டியிருக்கும் டவுன்பைப்பும் அதற்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும்தான் பெரிய அடைப்பு. அதைத் தாண்டி வந்த புகை ஆறிச் சுருங்கி, ஓரளவு அகலமான எந்தக் குழாயிலும் சிரமமில்லாமல் போய்விடும். “கொஞ்சமாவது பேக் பிரஷர் இருந்தால்தான் டார்க் வரும்” என்று டீக்கடைக்கு டீக்கடை சொல்கிறார்களே, டர்போ எஞ்சினில் அதற்கு வேலையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சினின் ஈ.சி.யூ., இவ்வளவு டார்க் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற பூஸ்டை வேஸ்ட்கேட் மூலம் கொடுக்கிறது. குழாயை அகலமாக்கினால், அதே பூஸ்டை எட்ட டர்போவுக்குச் சிரமம் குறையும், அவ்வளவுதான். ரீமேப் இல்லாமல் வெறும் பின் சைலன்சரை மாற்றிவிட்டு “இருபது குதிரை கூடிவிட்டது” என்று சொல்பவர்களுக்குக் காதுதான் கூடுதலாக வேலை செய்கிறது.

என் வண்டியில் ரீமேப் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் டி.எஸ்.ஜி.யின் உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதல்ல. இதே 1.8 எஞ்சினுக்கு 4x4 வண்டியில், ஈரக் கிளட்ச் உள்ள ஆறு கியர் பெட்டியோடு, 280 கொடுத்தார்கள் என்பதிலிருந்தே எஞ்சின் எங்கே நிறுத்தப்பட்டது, ஏன் நிறுத்தப்பட்டது என்பது புரியும். அதனால் கீழே டார்க்கை ஏற்றாமல், மேலே 5,000-க்கு அப்பால் சோராமல் ஓடும்படி மேப்பைத் திருத்தச் சொன்னேன். அகலக் குழாயின் பலன் தெரிவதும் அங்கேதான். மூன்றாவது கியரில் அழுத்திப் பிடித்தால், முன்பு 5,500-ல் ‘போதும்’ என்று சொன்ன எஞ்சின் இப்போது 6,000 வரை முகம் சுளிக்காமல் போகிறது. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் இருக்கிறது.

சரி, அந்த ‘ம்ம்ம்’.

பழைய செட்டைச் செய்தவர்களிடம் முந்தைய உரிமையாளர் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர்கள் செல்போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, “பாருங்க சார், நார்மல்தான்” என்று காட்டியனுப்பினார்களாம். ஆப் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. இந்த மாதிரி மீட்டர்கள் வழக்கமாக ‘ஏ’ அளவையில் அளக்கும். தாழ்ந்த ஒலிகள் மனிதக் காதில் குறைவாக விழுகின்றன என்பதால் அந்த அளவை அவற்றைக் கழித்துக் காட்டுகிறது. என் வண்டியின் முனகல் இருக்கிற அலைவரிசையில் ஏறக்குறைய 23 டெசிபல் கழிந்துவிடும். காது அடைக்கிறது, மண்டை கனக்கிறது, மீட்டர் ‘நார்மல்’ என்கிறது. ஆப்பில் ‘சி’ அளவைக்கு மாற்றிப் பாருங்கள், எண் துள்ளிக் குதிக்கும். எக்ஸாஸ்ட் விற்பவர் டெசிபல் கணக்குச் சொன்னால் எந்த அளவையில், எந்த ஆர்.பி.எம்.மில் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

கண்ணாடி நார் அடைத்த நேர்குழாய் சைலன்சர்கள் கிறீச்சிடும் மேல் ஒலிகளை நன்றாக விழுங்கும். அடி வயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலியை அவற்றால் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,300 சுற்றில் நொடிக்கு 77 வெடிப்பு. இந்த 77-ஐ மட்டும் பிடித்து அடக்க வேண்டும், புகை போகிற வழியில் எதையும் குறுக்கே வைக்காமல். அண்ணன் அதற்கு எடுத்தது ஒரு மொட்டைக் குழாய். மெயின் குழாயிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரிந்து, வளைந்து, மறுமுனை அடைபட்டு நிற்கும். உள்ளே போன ஒலி அடைபட்ட முனையில் மோதித் திரும்பி வரும்போது ஏற்ற இறக்கம் தலைகீழான அலையாக வந்து, மெயின் குழாயில் வருகிற அலையை அழித்துவிடும். அதற்குக் குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்கு சுமார் 400 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 77-க்கு 1.3 மீட்டர் வருகிறது. நாலே கால் அடி. புகை இதன் வழியாகப் போவதில்லை என்பதால் இழுவையில் ஒரு நூலும் குறையாது.

கணக்கு நான் சொன்னேன், ஆனால் அண்ணன் அதை நம்பவில்லை. “வண்டி சொல்லட்டுமுங்க” என்றார். கிளையை வேண்டுமென்றே நீளமாக வைத்து, முனையை வெல்டு செய்யாமல் செருகு மூடி போட்டுக் கிளாம்பால் இறுக்கினார். அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அமைதியான இடம் 2,100-ல் இருந்தது, முனகல் அப்படியே 2,300-ல் இருந்தது. வந்து கிளாம்பைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் மூடியை இரண்டு விரல்கடை உள்ளே தட்டினார். மறுபடி ஓட்டம். இன்னும் கொஞ்சம் தட்டினார். இப்படியே போய் ஒரு சுற்றில் ஊசி 2,300-ஐத் தாண்டியபோது இருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏ.சி. காற்றும் டயரும்தான் கேட்டன. சாக்பீஸால் கோடு போட்டு, திரும்பி வந்து வெல்டு வைத்தார். டேப் வைத்து அளந்தால் 1.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று நான் சொல்ல, அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. காலையில் எடுத்த முதல் சில கிலோமீட்டருக்குப் பழைய முனகல் வந்துவிட்டுத்தான் போகிறது. குளிர்ந்த குழாயில் ஒலி மெதுவாக ஓடும். அதனால் அமைதியான இடம் 2,000 பக்கம் நகர்ந்துவிடும். குழாய் சூடேற ஏற, அது தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. முதலில் இது பழுதோ என்று ஹேங்கர் ரப்பரையெல்லாம் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இப்போது வண்டி சூடாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எண்ணெய் வெப்பமானியைப் பார்ப்பதில்லை.

அதைவிட முக்கியமானது முதல் ஸ்டார்ட். குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பித்ததும், கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக ஈ.சி.யூ. சுற்றைக் கூட்டி, பற்றவைப்பைத் தாமதப்படுத்தும். ஒரு நிமிடம்போல வண்டி உறுமும். அபார்ட்மென்ட் கீழ்த்தளப் பார்க்கிங்கில், காலை ஐந்தரை மணிக்கு, பழைய செட்டோடு இது மூன்று மாடிக்குக் கேட்டது. எக்ஸாஸ்ட் வாங்கும் முன் எல்லோரும் நெடுஞ்சாலையில் அழுத்திப் பார்க்கிறார்கள். கேட்க வேண்டியது இந்த ஒரு நிமிடத்தை. புது செட்டில் பின் சைலன்சர் பெரியது என்பதால் கம்பெனி வண்டியைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தியாக இருக்கிறது. வாட்ச்மேன் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

டர்போ தானே பாதி சைலன்சர். டர்பைன் சக்கரம் வெடிப்புகளை நறுக்கி மென்மையாக்கிவிடுகிறது. அதனால் டர்போ வண்டியை அமைதியாக வைப்பது எளிது. சத்தம் போட வைக்கத்தான் மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலின் உச்சம், காலை எடுத்ததும் ‘பட் பட்’ என்று வெடிக்கிற மேப். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலைத் தெளித்து, வேண்டுமென்றே எக்ஸாஸ்டுக்குள் எரியவிடுகிறார்கள். அந்தச் சூடு போய்ச் சேர்வது கன்வெர்ட்டருக்கும் டர்பைனுக்கும். காசு கொடுத்து வண்டியை இருமவைப்பதற்கு ஒரு பெயர் வேறு. என் வண்டியிலும் இருந்தது. மேப் திருத்தும்போது முதல் வேலையாக அதை எடுக்கச் சொன்னேன். இப்போது மூன்றாவது கியரில் அழுத்தும்போது டர்போ மூச்சிழுக்கும் சீழ்க்கையும், காலை எடுத்ததும் ஒரு பெருமூச்சும் கேட்கின்றன. அத்தனை நாளும் சத்தத்துக்கு அடியில் புதைந்துகிடந்தவை. இந்த செட்டில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத சந்தோஷம் இதுதான்.

டவுன்பைப்? அண்ணன் கேட்டார். கன்வெர்ட்டர் இல்லாத குழாய் மாட்டினால் இழுவை நிச்சயம் கூடும். சிக்னலில் நின்றால் பெட்ரோல் நெடியும் கூடும், பின் ஆக்ஸிஜன் சென்சார் எஞ்சின் விளக்கை ஏற்றும், புகைச் சான்றிதழுக்குப் போனால் தலைகுனிய வேண்டும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒலி, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அமைதியான செட் என்பதால் இதிலிருந்து தப்பித்துவிட முடியாது. போலீஸ்காரரின் காதில் விழாது, அவ்வளவே. இன்ஷூரன்ஸ்காரருக்குக் கண்ணும் உண்டு.

ஆகவே என் பரிந்துரை கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். உங்களிடம் கம்பெனி எக்ஸாஸ்ட் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். இந்த அளவு ரீமேப்புக்கு அது போதும், முனகலும் கிடையாது. முந்தையவர் அதை இரும்புக் கடையில் போடாமல் வைத்திருந்தால் நான் அதையே மாட்டியிருப்பேன். அது போய்விட்ட வண்டிக்கு மட்டும், மொட்டைக் குழாயோடு சேர்த்து, இந்த செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

2,900-ல் லேசாக இன்னொரு ரீங்காரம் மிச்சமிருக்கிறது. பழையதில் கால் பங்குகூட இல்லை. ஆனாலும் காது பழகிவிட்டால் அதையும் தேடும். அதற்கு ஒரு மீட்டர் கிளை போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போய் அண்ணனிடம் கேட்டேன். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வைக்கலாமுங்க தம்பி. ஆனா ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்த வெட்டணுமுங்க.”

ஸ்டெப்னி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.