பிறர் நாவை மதித்த நடிகர்

அரபு மொழியில் ‘லிஸான்’ என்னும் ஒரே சொல் நாவையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும். ஒருவரின் பேச்சைப் பழிப்பது அவரையே பழிப்பதாகும் என்பதற்கு இச்சொல்லே சான்று. 2024 நவம்பர் 9 அன்று, எண்பதாம் வயதில் மறைந்த குணச்சித்திர நடிகர் டெல்லி கணேஷ் அவர்களின் கலையை இந்த அளவுகோல் கொண்டே அளந்து பார்க்க விழைகின்றோம்.

1944இல் வல்லநாட்டில் பிறந்த அவர், 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையே அவருக்கு நடிப்புப் பள்ளியாயிற்று. கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ (1977) அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. பின்னர் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார்.

துரை இயக்கிய ‘பசி’ (1979) படத்தில் அவர் ரிக்‌ஷாத் தொழிலாளி. சென்னையின் நீர்க்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, நமது பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்ட மக்களின் பேச்சை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். திரையுலகம் அப்பேச்சைப் பெரும்பாலும் நகைப்புக்கே பயன்படுத்தியது. நெல்லைச் சீமையில் பிறந்த இந்நடிகரோ, அதனை ஓர் ஏழைத் தந்தையின் துயர மொழியாகப் பேசினார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அந்நடிப்பைத் தேடி வந்தது.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் அவரே பாலக்காட்டுச் சமையற்காரர். தஜ்வீத் கற்பிப்போர் ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் மக்ரஜை மாணவருக்கு உணர்த்துவர். அத்தகைய செவிப்பயிற்சி இவரிடம் இருந்தது. மகனை எண்ணிப் பதறும் தந்தையின் தவிப்பிலே சிரிப்பு பிறக்கிறது; பேச்சைக் கோணலாக்கி அவர் அதனை வருவிக்கவில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? பழைய படங்கள் பலவற்றில் முஸ்லிம் பாத்திரம் என்றாலே ‘நம்பள், நிம்பள்’ என்னும் உடைந்த தமிழ்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாய்த் தமிழையே தாய்மொழியாகக் கொண்டோரும், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வழிவந்தோரும் திரையில் அந்நியராய் நின்றனர். அவ்வாறு எழுதியோரும் நடித்தோரும் அண்டை வீட்டாரின் பேச்சுக்குச் செவி சாய்த்திருப்பின் அந்த இழிவு நேர்ந்திராது.

திரையுலகம் டெல்லி கணேஷையும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதே நம் கருத்து. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கொடியவராகவும் சிறந்த அவரை, அந்தணர் இல்லத்து நகைச்சுவை வேடங்களுக்கே மீண்டும் மீண்டும் அழைத்தனர். ‘பசி’ போன்ற வேடங்கள் அவருக்கு அரிதாகவே வாய்த்தன. இழப்பு அவருடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.

பிறர் பேச்சைப் போலிசெய்து கைதட்டல் பெறுவது நம் பள்ளி விழாக்களிலும் பெருகி வருகிறது. போலி செய்வோன் பிறர் நாவைக் கடன் வாங்கிக் கேலி செய்கிறான். நல்ல நடிகனோ அந்த நாவுக்குரியவரின் மானத்தையும் சேர்த்தே சுமக்கிறான். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு விளக்க விரும்பும் பெற்றோர், ‘பசி’யை அவர்களோடு அமர்ந்து ஒருமுறை பார்ப்பாராக.